ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்

முதலில் சத்தம்தான் கேட்டது. உன் டி.வி.எஸ். வண்டி கேட்டுக்கு வெளியே வந்து நின்ற சத்தம். பிறகு மறுபடி கிளப்பினாய். மறுபடி அணைத்தாய். மூணாவது தரமும் அப்படியே. கார்புரேட்டரில் தூசி அடைத்திருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறான், போகும்போது காட்டிவிட்டுப் போ. குழந்தையை வெயிலில் வைத்துக்கொண்டு வண்டியோடு மல்லுக்கட்டுகிறானே என்றுதான் நானே எழுந்து வந்து கேட்டைத் திறந்தேன். இல்லாவிட்டால் நான் எழுந்து வருகிற ஆள் இல்லை. முட்டி வலி.

உட்கார். நாற்காலியில் உட்காரப்பா, தரையில் ஏன்? நம்ம விடுதியில் அந்த மாதிரியெல்லாம் கிடையாது. சரி, தரைதான் வசதி என்றால் உட்கார். பாப்பா, நீ இந்த ஸ்டூலுக்கு வா. காலை ஆட்டாதே.

நான் தைத்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதே. ஜூன் வந்தால் எனக்கு இந்த வேலைதான். ஒவ்வொரு பாவாடை இடுப்புப் பட்டியிலும் நம்பரும் பேரும் தைக்க வேண்டும். சிவப்பு நூல், அப்போதுதான் சலவைக்குப் போனால் சாயம் போகாமல் தெரியும். இருபத்தாறு வருஷமாக வார்டன் வேலை பார்க்கிறேன், ஒரு பாவாடை மாறினது இல்லை.

பேர் கன்னியப்பன் என்றாய், இல்லையா? குழந்தை பொம்மி. பொம்மி. சரி. வயசு ஆறா ஏழா? அதையும் நான் போட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோருக்கும் பிறந்த நாள் ஜூன் ஒண்ணுதான். நாற்பது பேருக்கும் ஒரே நாளில் கேசரி கிண்டிவிடலாம்.

பையில் ஏன் கையை விட்டு விட்டு எடுக்கிறாய்? வெளியே எடு. அது என்ன புத்தகம் என்று எனக்குத் தெரியும், அட்டை நுனி தெரிகிறதே. உங்கள் காலனியில் இதைப் பார்க்காத ஆள் இல்லை என்றும் தெரியும். கெங்கம்மா போட்ட படக்கதைப் புத்தகம். நம்ம விடுதியில் பத்து வருஷம் சோறு தின்று படித்தவள், மெட்ராஸ் போய் என்னைப் பற்றிப் படம் போட்டுப் புத்தகமாக அடித்திருக்கிறாள். நூற்று நாற்பது பக்கம். எண்ணிப் பார்த்திருக்கிறேன், அதில் அறுபத்தொரு பக்கத்தில் நான் வருகிறேன்.

இது நான்தானா என்று கேட்கிறாயா? நான்தான். இந்த மூக்குக் கண்ணாடி, இந்த மரு, இடுப்பில் இந்தச் சாவிக்கொத்து. ஆனால் நான் இவ்வளவு உயரமா? கதவு நிலையில் தலை இடிக்கிற மாதிரி போட்டிருக்கிறாள். என் உயரம் ஐந்தடி. நீயே பார்க்கிறாயே.

எனக்கு என்ன ஆத்திரம் தெரியுமா? கதை, கட்டுரை என்று எழுதியிருந்தால் நான் கவலையே பட்டிருக்க மாட்டேன். உங்கள் ஆட்களில் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? யாரும் படித்திருக்கவே மாட்டார்கள். இவள் படமாகப் போட்டுவிட்டாள். எழுத்தே தெரியாத கிழவிகூடப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, இந்தப் பொம்பளை நம்ம பிள்ளையை இப்படிச் செய்தாளா என்று கேட்கிறாள். எழுத்து சொல்லித் தந்தது நான். எழுத்து தெரியாதவர்கள் படிக்கிற மாதிரி என்னைப் பற்றி எழுதுகிறாள். இது நியாயமா, சொல்.

உங்கள் காலனியிலிருந்து வருஷத்துக்கு மூணு நாலு பிள்ளைகள் வரும். இந்தப் புத்தகம் வந்த பிறகு போன வருஷம் ஒருத்தர்கூட வரவில்லை. விடுதியை நடத்துகிற டிரஸ்ட்டில் சொல்லிவிட்டார்கள், நாற்பது பேர் இல்லையென்றால் இந்த வருஷத்தோடு மூடிவிடுவோம் என்று. இன்றைக்கு முப்பத்தொன்பது பேர். மறைத்து என்ன ஆகப்போகிறது, உன்னிடம் சொல்லிவிட்டேன். உன் பொம்மி நாற்பது. அதனால் நீ அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு பயந்து திரும்பிப் போகக்கூடாது. என்ன நடந்தது என்று என் வாயால் கேட்டுவிட்டு முடிவு செய்.

கெங்கம்மா வந்தபோது இந்தப் பாப்பா வயசுதான். அவள் அப்பா சென்னம நாயுடு, பூம்பூம் மாட்டைக் கூட்டிக்கொண்டு உறுமி அடித்துக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியே மாட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவர் சம்சாரமும் வந்தாள், இடுப்பில் பழந்துணி மூட்டை. பிள்ளை வந்து நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே. மாட்டுக்குப் போர்த்துவார்களே, கலர் கலராகத் துண்டுத்துணி ஒட்டுப்போட்ட போர்வை, அதே துணியில் ஒரு சட்டை. கழுத்தில் ஒரு சின்ன மணி. மாட்டு மணியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தாள். தாடையில் மூணு பச்சைப் புள்ளி. ஏழு வயசுப் பிள்ளைக்கு யாராவது பச்சை குத்துவார்களா? அவள் அம்மாவுக்கும் அதே இடத்தில் அதே மூணு புள்ளி. நல்லவேளை, உன் பொம்மிக்கு அது இல்லை. எனக்கு ஒரு வேலை மிச்சம்.

கெங்கம்மா என்ற பேரை எப்படி ரிஜிஸ்டரில் எழுதுவது? பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் மற்றதுகள் சிரிக்காதா? ஹேமலதா என்று போட்டேன். அந்த வருஷம் அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது பார், அட்டையில் என்ன போட்டிருக்கிறாள்? கெங்கம்மா. பாஸ்போர்ட்டில் ஹேமலதா, பட்டத்தில் ஹேமலதா, அவமானப்படுத்துவதற்கு மட்டும் கெங்கம்மா.

பேர் மாற்றுவது பெரிய கொலையா, கன்னியப்பா? எனக்கே மாற்றியிருக்கிறார்கள். ஒன்பது வயசில் ஆரணியில் ஒரு விடுதியில் சேர்த்தபோது மங்கையர்க்கரசி என்று வைத்தார்கள். அதற்கு முன்னால் வேறு பேர். என்ன பேர் என்று கேட்காதே, எனக்கே நினைவில் இல்லை. சில நாள் சும்மா உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பேன். வாய் வரைக்கும் வந்த மாதிரி இருக்கும், வராது. அம்மாவைக் கேட்டிருக்கலாம். அம்மா செத்தபோது எனக்குப் பரீட்சை டியூட்டி. அதனால் என்ன குறைந்துபோய்விட்டேன்? டிரஸ்ட் கொடுத்த வீட்டில் இருக்கிறேனா இல்லையா?

விடு. பாஷைக்கு வருகிறேன், அதுதான் புத்தகத்தில் முக்கால்வாசி.

உங்கள் பாஷை தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னது இல்லை. வீட்டில் பேசுங்கள், மாட்டோடு பேசுங்கள். விடுதிக்குள் தமிழ். அவ்வளவுதான் சட்டம். அப்போது உங்கள் காலனிப் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள், ஆறும் ஒரு மூலையில் கூடி உங்கள் பாஷையில் குசுகுசு என்று பேசிக்கொண்டே இருக்கும். மற்றதுகள் பயப்படும். திட்டினேன், கேட்கவில்லை. அடிக்க எனக்குப் பிடிக்காது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் கை நீட்டினது இல்லை. அதனால் ஒரு யோசனை செய்தேன். கெங்கம்மா கழுத்தில் கிடந்த அந்த மணியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். யார் உங்கள் பாஷையில் ஒரு வார்த்தை பேசுகிறார்களோ, அவர்கள் அன்று முழுக்க அந்த மணியைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போது, பாடம் படிக்கும்போது, கக்கூஸ் போகும்போது. அடுத்தவள் பேசினால் அவளுக்கு மாறும். விளையாட்டு மாதிரிதான். மற்ற பிள்ளைகள் அந்த மணிச்சத்தம் வந்தால் தலையை ஆட்டும், பூம்பூம் மாடு மாதிரி. பிள்ளைகள்தானே, சிரிப்பார்கள்.

இதோ இந்தப் பக்கம். சாப்பாட்டு வரிசை முழுக்கத் தலையை ஆட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிற மாதிரி போட்டிருக்கிறாள். நான் ஆட்டவே இல்லை. சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

கெங்கம்மாவுக்குத்தான் அந்த மணி அதிகம் கிடைத்தது. அவள் தூக்கத்தில் பேசுவாள். தூக்கத்தில் பேசினதற்கு நான் தண்டித்ததே இல்லை. ரெண்டு தரம்தான். ரெண்டு மாசம் ஆச்சு, மூணு மாசம் ஆச்சு, ஆணியில் மணி சும்மா தொங்குகிறது. காற்றடித்தால்தான் சத்தம். டிரஸ்ட்டிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், எப்படி மேடம் இவ்வளவு சீக்கிரம் பழக்கினீர்கள் என்று. நான் மணியைக் காட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. பெற்றவர்கள் வந்து பார்க்கிற நாள். கேட்டுக்கு வெளியே நின்று பேசலாம், அரை மணி நேரம். அங்கேயும் தமிழ்தான் பேச வேண்டும் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? வாரம் முழுக்க நான் கட்டினதை அரை மணி நேரத்தில் அவர்கள் இடித்துவிட்டுப் போவார்கள். ஒரு தரம் விட்டுப் பார்த்தேன், அன்றைக்கு ராத்திரி ஆறு பேரும் அழுகை.

கெங்கம்மாவின் அம்மாவுக்குத் தமிழ் தெரியும். உங்கள் ஆட்களில் யாருக்குத் தெரியாது, தெருத்தெருவாகப் போகிறவர்கள். தமிழில்தான் பேச வேண்டும் என்று நான் சொன்னதும் சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். என்ன வந்தது தெரியுமா?

"அம்மா மகராசி, நல்ல காலம் பொறக்குது தாயே. நீ எட்டுப் பிள்ளை பெத்து நல்லா இருக்கணும் தாயே."

பெற்ற மகளிடம். கேட்டேன், ஏம்மா, உன் பொண்ணுகிட்ட ஒழுங்காப் பேசு, சாப்பிட்டியா தூங்கினியான்னு கேளு என்று. யோசித்து யோசித்துப் பார்த்தாள். "சோறு இருந்தா போடு தாயே" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். வாசலில் நின்று கேட்கிற தமிழ். அதில் மகளிடம் பேசுவதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. உள்ளே நின்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான். நீயே சொல், சிரிப்பு வருமா வராதா?

உனக்கு வரவில்லை. சரி.

கெங்கம்மா என்ன செய்தாள் என்றால், உள்ளே போய் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து கம்பி வழியாகக் கொடுத்தாள். அவள் அம்மா முந்தானையில் வாங்கிக்கொண்டாள். மகராசி என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. கொடுக்கிற குணம் நல்ல குணம்தானே. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. அம்மா ஆசீர்வாதம் சொல்வாள், பிள்ளை சோறு கொடுப்பாள், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், மணி அடிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பன்னிரண்டு பக்கம் போட்டிருக்கிறாள். எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி, கேட்டு, கம்பி, தட்டு. இதில்தான் அவள் படம் போடுவதில் தேறவில்லை என்று தெரிகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சரியாகப் போட்டவள், அடுத்த வாரம் கொஞ்சம் குள்ளமாகப் போட்டிருக்கிறாள். அதற்கடுத்த வாரம் இன்னும் குள்ளம். கடைசியில் பார், தாழ்ப்பாளுக்குக் கீழே நிற்கிறாள். அந்தப் பொம்பளை நல்ல உயரம், என் தலைக்கு மேல் இருப்பாள். புத்தகம் அச்சடித்தவர்களாவது அளவு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

மாடும் பிள்ளையும் நிற்கிற இந்த அட்டைப் படத்துக்கு வருகிறேன். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். அது ஒரே ஒரு நாள் நடந்தது.

மெட்ராசிலிருந்து ஒரு பெரிய ஆபீசரம்மா வருவதாகச் சொன்னார்கள். நல்ல விடுதி எது என்று பார்த்துப் பரிசு கொடுக்கிறவர். ஹேமலதாவை முன்னால் நிறுத்தினேன். அப்போது அவள் நாலாவது. வகுப்பில் முதல். தமிழ்த்தாய் வாழ்த்து பாடினால் ஒரு சொல் பிசகாது. தாடையில் அந்தப் பச்சைப் புள்ளி மட்டும்தான் குறை, பவுடர் போட்டுப் பூசி மறைத்தேன். பவுடர் நிற்கவில்லை என்று முதலில் தேங்காயெண்ணெய் தடவி அதன் மேல் பூசினேன். என் மகளுக்குக்கூட அப்படிச் செய்திருக்க மாட்டேன். எனக்கு மகள் இல்லை, அது வேறு.

ஆபீசரம்மா வந்து உட்கார்ந்து, மாலை போட்டு, பாட்டும் முடிந்தது. அப்போது உறுமிச் சத்தம். சென்னம நாயுடும் அவர் சம்சாரமும் மாட்டோடு கேட்டுக்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவர்களுக்குக் கிழமை தெரியாதா, இல்லை ஊர் சுற்றப் போகிற வழியா, இன்றுவரை தெரியாது. நான் கையைக் காட்டிப் போகச் சொல்வதற்குள் ஆபீசரம்மா சந்தோஷமாகிவிட்டார்.

"ஐயோ, பூம்பூம் மாடு பாத்து எத்தனை வருஷமாச்சு. உள்ள கூப்பிடுங்க" என்றார்.

வேண்டாம் மேடம் என்று சொல்லப் பார்த்தேன். ஏனென்றால் நான் ஒன்று சொல்லி வைத்திருந்தேன். இந்த விடுதியில் தெருவில் திரிகிறவர்கள் பிள்ளை யாரும் இப்போது இல்லை, எல்லோரும் மாறிவிட்டார்கள், வீடு வாசல் என்று ஆகிவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். பிள்ளைகளிடமும் சொல்லியிருந்தேன், உங்கப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் விவசாயம் என்று சொல்லுங்கள் என்று.

மாடு உள்ளே வந்தது. ஆபீசரம்மா ஹேமலதாவின் தோளில் கை போட்டு முன்னால் நிறுத்தினார். "பெரியவரே, மாட்டைக் கேளுங்க. இந்தப் பொண்ணு பெரிய ஆளா வருமா?"

சென்னம நாயுடு பார்த்தார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். மனுஷன் புத்திசாலி, உடனே புரிந்துகொண்டார். உறுமியை ரெண்டு இழுப்பு இழுத்து, முன்பின் தெரியாத பிள்ளையைக் காட்டுகிற மாதிரி கையை நீட்டி, "சொல்லுடா ராமா, இந்த மகாலச்சுமி பெரிய பதவிக்கு வருவாங்களா" என்றார். வருவாங்களா. மகளுக்கு மரியாதை. எனக்கு உயிர் வந்தது.

மாடு தலையை ஆட்டவில்லை. பதினைந்து வருஷம் ஆட்டின மாடு. கயிற்றை இழுத்துக்கொண்டு நேராக அவளிடம் போயிற்று. மாட்டுக்கு என்ன தெரியும், யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று. அவள் கைக்குள் மூஞ்சியை நுழைத்தது, பிறகு நாக்கை நீட்டி ஒரே இழுப்பு. தாடையிலிருந்து கன்னம் வரைக்கும் நக்கிவிட்டது. பவுடரும் போயிற்று, எண்ணெயும் போயிற்று. மூணு புள்ளியும் பச்சையாக வெளியே வந்துவிட்டது. பக்கத்திலேயே அவள் அம்மா நிற்கிறாள், அதே மூணு புள்ளியோடு.

 ஆபீசரம்மா இந்தத் தாடையைப் பார்க்கிறார், அந்தத் தாடையைப் பார்க்கிறார். பிறகு குனிந்து ரொம்ப மெதுவாகக் கேட்டார், "இவங்க யாரும்மா?"

ஹேமலதா என்னைத்தான் பார்த்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை. சாவிக்கொத்தைக் கையில் பிடித்தேன், அவ்வளவுதான். புத்தகத்தில் அதை ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறாள், சாவிக்கொத்தை மட்டும்.

"தெரியாது மேடம்" என்றாள். நல்ல உச்சரிப்பு. "மாடு நாறுது மேடம்" என்று அவளாகவே சேர்த்துச் சொன்னாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கோயிலில் வைத்துக் கேட்டாலும் சொல்வேன், அது அவளாகச் சொன்னது.

ஆபீசரம்மா அவள் அம்மா பக்கம் திரும்பினார். அந்தப் பொம்பளை என்ன செய்தாள் தெரியுமா, கன்னியப்பா? ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "எங்களுக்குப் பொண்ணு இல்ல தாயே. மகராசி நல்லா இருக்கணும் தாயே" என்றாள். அன்றைக்குத்தான் அவள் தமிழ் சரியான இடத்தில் சரியாக வந்தது.

பெற்றவளே சொல்லிவிட்டாள், பிறகு எனக்கு என்ன? பரிசும் கிடைத்தது. அதோ அந்தக் கேடயம்தான், மேலே. ஆபீசரம்மா கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலைப் பளு, பாவம். ஒரு நாளைக்கு எத்தனை விடுதிக்குப் போவார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா வரவில்லை. நான் வராதே என்று சொல்லவில்லை. எழுதிக்கொள்ளலாம், நான் சொல்லவில்லை. ஹேமலதா கொஞ்ச நாள் அரை மணி நேரம் தட்டோடு கேட்டில் நின்றாள். பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள். தானாகத்தான் எல்லாம் சரியாகும், அவசரப்படக்கூடாது. பத்தாவதில் நானூற்று எழுபத்தாறு. தமிழில் தொண்ணூற்றெட்டு. தெரிகிறதா? தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் எழுபது வாங்கினபோது.

போன வருஷம் தைக்கு வந்தாள். பேன்ட் சட்டை. தாடையில் மை வைத்து அந்தப் புள்ளியை இன்னும் அழுத்தமாகத் தெரிகிற மாதிரி செய்திருந்தாள். இந்தப் புத்தகத்தை இந்த மேஜையில் வைத்தாள். நான் கையைப் பிடித்து, நல்லா இருக்கியாம்மா, அம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்டேன். நான் அக்கறையாகக் கேட்டேன். அதற்கு அவள் சொல்கிறாள்:

"இருக்காங்க மேடம். எங்கிட்ட இப்பவும் அந்தத் தமிழ்தான் பேசறாங்க. நான் எங்க பாஷையில பேசினா சிரிக்கறாங்க, உனக்கு வரல விட்டுடுன்றாங்க. சோறு போட்டா மகராசின்றாங்க."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. மேடம் என்றாளே, அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. இந்த விடுதியில் எந்தப் பிள்ளையும் என்னை மேடம் என்று கூப்பிடாது. பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும், அது சட்டம். பத்து வருஷம் பெரியம்மா என்ற வாய், மேடம் என்கிறது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. இப்போது நீ சொல். 

என்ன?

மறுபடி சொல், சத்தமாகச் சொல், எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பொம்மியை உட்கார வைத்த பெஞ்சில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்களா? கடைசியில் அவளை வெளியே வராந்தாவில் உட்கார வைத்தார்களா? எத்தனை நாள், ஒரு வருஷமா? அடப்பாவிகளா. இங்கே அதெல்லாம் நடக்காது. இங்கே எல்லோரும் ஒன்று. ஒன்றாக ஆக்கிவிடுவேன்.

அப்புறம்? புத்தகத்தை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்கிறேன். சண்டை போடத்தான் என்று நினைத்தேன்.

ஓ.

கெங்கம்மா இங்கே படிச்சதாலதானே புஸ்தகம் போட்டுச்சு, எம் பொண்ணும் ஒரு புஸ்தகம் போடணும் டீச்சரம்மா. அப்படியா சொன்னாய்? காலனியில் எல்லோரும் திட்டினார்கள், நீ மட்டும் அட்டையில் இருந்த பேரைப் பார்த்துக்கொண்டே இருந்தாயா? கன்னியப்பா, ஒரு வருஷமாக நான் இந்தப் புத்தகத்தைப் பார்த்து பயந்துகொண்டிருந்தேன். இப்படி ஒருத்தன் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீதானப்பா மனுஷன்.

கேள், என்ன கேட்க வேண்டுமோ கேள். தயங்காதே.

பேர் மாற்றக்கூடாது. சரி. பொம்மி என்றே இருக்கட்டும். உன் அம்மா பேரா? சரி, சரி, அழாதே, ஆம்பிளை அழலாமா. மாற்ற மாட்டேன். வேறு? ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் உங்கள் பாஷையில் பேச விட வேண்டும். ஒரு அரை மணி நேரம்தானே. விடுகிறேன். இது என்ன பெரிய காரியம். கையில் அடித்துச் சத்தியம் வேண்டுமா? இந்தா. சத்தியம்.

இங்கே கையெழுத்துப் போடு. கைநாட்டு என்றால் அந்த மைப்பெட்டி. நல்லா அழுத்து. துணியில் துடைத்துக்கொள்.

போகும்போது திரும்பிப் பார்க்காதே, பிள்ளை அழும். அவளிடம் ஒன்றும் சொல்லாதே. நேராகப் போ. கேட்டை இழுத்துச் சாத்திவிட்டுப் போ.

போய்விட்டான். ஜன்னல் கிட்டே போகாதே, பாப்பா. இங்கே வா. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார். அழக்கூடாது. பெரியம்மா இருக்கிறேன் இல்லையா. பெரியம்மா, சொல்லு. பெ-ரி-யம்-மா. ஆ, எவ்வளவு அழகாகச் சொல்கிறாய்.

அது என்ன வார்த்தை? அப்பாவைக் கூப்பிட்டாயா? அந்த வார்த்தை இங்கே வேண்டாம். இன்றைக்கு முதல் நாள், விட்டுவிடுகிறேன். நாளையிலிருந்து விட மாட்டேன்.

உன் பேர் என்ன? இல்லை, அது இல்லை. அது வீட்டில் கூப்பிடுகிற பேர். அப்பாவிடம் சும்மா சொன்னேன், அவர் வருத்தப்படுவாரே என்று. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், உனக்கு அது வேண்டாம். உனக்கு என்ன பேர் வைக்கலாம்? காலையில் காயத்ரி என்று ஒரு பேர் நினைத்தேன். காயத்ரி. நன்றாக இருக்கிறதா? தலையை ஆட்டு. வாயால் சொல்ல வேண்டாம், ஆட்டு போதும்.

நல்ல பிள்ளை.

இந்தா, இந்த ஊசியைப் பிடி. நூலைக் கோத்துக் கொடு, பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நுனியை வாயில் வைத்து ஈரமாக்கு. அந்த ஓட்டை வழியாக விடு. அப்படித்தான். இப்போது அந்தப் பாவாடையை எடு. நாற்பது.